பாதிப்பற்ற உலோகம்

நாகர்கோவில் கிழக்கு, ஏழாம் பாதை.
ஒரு மீற்றர் அகலம்தான் எனக்குத் தந்த நாடு.
இரு பக்கமும் சிவப்புத் தலைக் குச்சிகள்,
முன்னால் குறுக்கே ஒரு தடி,
அதற்கு அப்பால்
பத்தொன்பது வருசமாய் எவரும் கால் வைக்காத மணல்.

காலை ஒன்பது நாற்பதுக்குக் கருவி கத்திற்று.
அதற்குத் தெரிந்தது ஒரு சொல்தான்.
ஆணிக்கும் அதே சொல், சன்னத்துக்கும் அதே,
ரின்மீன் மூடிக்கும்,
பச்சைப் பிளாஸ்ரிக்கின் வயிற்றில் கிடக்கும்
பேனளவு இரும்புக்கும் அதே.

முழங்காலில் நின்றேன்.
எதனிடமும் பக்கவாட்டில்தான் போக வேணும்,
மேலிருந்து அல்ல;
பயிற்சியின் முதல்நாளே சொல்லித் தந்தது.
விரற்கடை விரற்கடையாய் மணலை வழிக்க
முகக்கவசத்துக்குள் என் மூச்சே திரும்பி வந்து
என்னை நனைத்தது.

முதலில் தெரிந்தது ஒரு காது.

பிறகு கழுத்து. தலையைச் சுற்றி ஏதோ இலை,
அதைக் கட்டிய நாடா பிடரியில் தொங்கிற்று.
உப்புத் தின்ற கறுப்பு வெள்ளியில் ஒரு மனிதன்
வலப்பக்கம் பார்த்தபடி இருந்தான்,
என்னைப் பாராமல்.
ஆள்பவர்களுக்குப் பக்கவாட்டு முகம் போதும்.
சோதனைச் சாவடியில் எங்களைத்தான்
நேரே பார்க்கச் சொன்னார்கள்.

கன்னத்தின் குறுக்கே ஒரு வெட்டு.
உளியால் போட்டது.
உள்ளேயும் வெள்ளிதானா என்று
எவனோ ஒரு வியாபாரி, முத்தை நிறுக்க முன்,
அரசனின் முகத்திலேயே பார்த்திருக்கிறான்.
அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது.

விசில் ஊத அன்ரனிற்றா அக்கா வந்தா.
திருப்பினா. மறுபக்கம் ஒரு பெண்,
கதிரையில், ஒரு கையில் நீளத் தடி,
மறுகையில் இலையோடு கொப்பு.
"மாதாவோ?"
"பிள்ளையைக் காணேல்லையே அக்கா."

தறப்பாளின் கீழ் சாப்பாட்டு நேரம்.
கஸ்தூரியார் வீதியில் என்ன தருவாங்கள்
என்று கேட்டாள் கோகிலரஞ்சனி.
முகத்தில காயம், அடகுக்கும் எடுக்க மாட்டாங்கள்
என்றேன். சிரித்தாள்.
அவளின் தொடைக்குக் கிட்டப் பிடித்தாலும்
கருவி கத்தும். செல் பீஸ் ஒன்று
இன்னும் உள்ளே.

எங்களின் முதற்சம்பளத் தாள்களில்
ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி நின்றார்.
பிளவுசுக்குள் மடித்து மடித்து
அவரின் நெற்றியிலும் ஒரு கோடு விழுந்தது.
அதற்கு உளி தேவைப்படவில்லை.

பின்னேரம் தொல்லியல் திணைக்களத்து அலுவலர்,
காற்சட்டையெல்லாம் நாயுருவி ஒட்ட,
பூதக்கண்ணாடியோடு எழுத்துக்கூட்டினார்.
உரோமாபுரியின் காசு.
ஆளின்ரை பேர் தேஞ்சு போச்சு, என்றார்,
தெய்வமாக்கப்பட்டவரின் மகன்
எண்டது மட்டும் மிச்சம்.
அந்தப் பெண்?
சமாதானம் எண்டு சொல்லுவினம்,
அரசன்ரை தாய் எண்டும் சொல்லுவினம்.

சமாதானம் கதிரையில் இருக்கும் என்று
எனக்கு இதுவரை தெரியாது.
எட்டு வருசமாய் நான் முழங்காலில்
தேடிக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் கட்டங்கள்: மிதிவெடி, கைக்குண்டு,
மோட்டார், சன்னம், வெடிக்காத ஏனையவை.
அரசனுக்குக் கட்டம் இல்லை.
கடைசி வரியில், பாதிப்பற்ற உலோகம்
என்பதற்கு நேரே, ஒன்று என்று எழுதினேன்.
இந்த வரிக்கு வந்து சேர அவனுக்கு
ஏறக்குறைய இரண்டாயிரம் வருசம்.

பொலித்தீன் பையில் போட்டுக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.
உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்திருந்தேன்.
கொப்புப் பிடித்த கை மட்டும்
இடம் வலம் மாறி
கொஞ்ச நேரம் தோலில் இருந்தது.

எடுத்த குழியைத் திரும்பவும் பார்க்க வேணும், விதி.
அடுத்த நாள் காலை, வெயில் ஏற முன்,
அதே குழிக்குள் கருவியை இறக்கினேன்.

தனக்குத் தெரிந்த சொல்லைச் சொல்லிற்று.